நல்ல நிலையில்

தேர்தல் தேதி அறிவித்த மூன்றாம் நாள்
பெரம்பூரிலிருந்து
கித்தார் பையில் போட்டு எடுத்து வருவார்
டெஸ்மண்ட் ரெபைரோ.
வாசல் சென்ட்ரி ஒவ்வொரு முறையும் கேட்பான்:
என்ன சார், கச்சேரியா?

நான் ஸ்டேஷன் ரைட்டர். பதிவேட்டைத் திறப்பேன்.
பாயிண்ட் டூ டூ மேக்னம், போல்ட் ஆக்‌ஷன், ஒன்று.
குழலில் பொறித்திருக்கும் நாடு
இப்போது வரைபடத்தில் இல்லை.
டெலஸ்கோப் ஒன்று. தோல்வார் ஒன்று, கொக்கி அறுந்தது.
தோட்டா

போன தேர்தலுக்கு நாற்பத்து மூன்று.
மேசைமேல் ஐந்தைந்தாக அடுக்கினேன்.
நாற்பத்து ஒன்று.
மறுபடி அடுக்கினேன்.

ஒர்க் ஷாப்பில் கிரேன் ஓட்டுகிற கை
சட்டைப்பைக்குள் போய்
இரண்டை எடுத்து வைத்தது.
ஒன்று வெறும் பித்தளை, ஊதினால் விசில் வரும்.
மற்றது வெடிக்காதது. ஈயம் முழுசாக,
அடிவிளிம்பில் மட்டும் ஒரு கீறல்
நகம் பட்ட மாதிரி.

இதுக்கு நடுவுல மருந்து கிடையாது மேடம்,
ஓரத்துல அடிச்சாத்தான் வெடிக்கும்.
சிலதுல அந்த ஓரத்துக்கும் மருந்து போய்ச் சேந்திருக்காது.

எங்கே என்றேன்.
மீஞ்சூர் தாண்டி, அனல்மின் சாம்பல் கொட்டுகிற வெளி.
சீமைக்கருவை மறைவு.
சாம்பலில் ஒரு சாம்பல் முயல், டார்ச்சில் கண் மட்டும் சிவப்பாக.
எழுபது கஜம்.
டிக்.
வெடிக்காவிட்டால் உடனே திறக்கக் கூடாதாம்,
குழலைத் திருப்பாமல் முப்பது எண்ண வேண்டுமாம்.
தாமதமாக வெடிக்கிறதும் உண்டாம்.

அந்த முப்பதுலயும் அது போகல மேடம்.
உக்காந்து மூஞ்சி கழுவிக்கிட்டிருந்துச்சு.

அப்புறம்?
காலிப் பித்தளையை மேசையில் உருட்டினார்.
மேக்னம் முன்தொடையில பட்டா கறி மிஞ்சாது, தலையிலதான்
என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.
முயலுக்கும் சட்டம் இருக்கிறது.
எனக்குத் தெரியும். அவருக்கும்.
லைசென்ஸில் இருப்பது: பயிர்ப் பாதுகாப்பு.
பயிர் இருந்த ஒன்றரை ஏக்கர்
கன்டெய்னர் யார்டாகி ஆறு வருடம்.

சேதாரம் இரண்டு என்று எழுதினேன்.

போகும்போது சொன்னார்:
காலியா வச்சு யாரும் ட்ரிக்கர் மட்டும் இழுக்க வேணாம்.
ஊசி போய் சேம்பர் ஓரத்துல இடிக்கும்.
தழும்பு விழுந்துரும்.

வாக்கு எண்ணிக்கைக்கு முந்தின இரவு
எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள்.
ஆயுத அறைச் சாவி என்னிடம்.
பின்கட்டில், பறிமுதல் பைக்குகளுக்கு நடுவே,
சோடியம் விளக்கடியில் ஒரு பெருச்சாளி.

தூசு தட்டத்தான் எடுத்தேன்.
யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டேன்.

பதினெட்டு வருட சர்வீஸ்.
வருடத்துக்கு ஒருமுறை அட்டை மனிதனைச் சுட்டிருக்கிறேன்.
அட்டை மனிதனுக்கு மீசை அசைவதில்லை.
டெலஸ்கோப்புக்குள்
கிழிந்த காது, ஈரமான மூக்கு,
இவ்வளவு பக்கத்தில்
என் பிள்ளைகளைக்கூட நான் பார்த்து நாளாகிவிட்டது.
போ என்று நினைத்தேன்.
முப்பது வரைக்கும் எண்ணினேன்.
போகவில்லை.

டிக்.

தலையைத் தூக்கியது.
பிறகு ஒரு பிளாஸ்டிக் கவரைக் கிழிக்கப் போனது.
என் முழங்கால்தான் வெகுநேரம் நடுங்கியது,
தோட்டாவே இல்லாத ஒன்றுக்கு.

பத்து நாள் கழித்து வந்தார்.
போல்ட்டைத் திறந்து செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார்.
சுண்டுவிரல் நகத்தால் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தார்.
நகம் ஓர் இடத்தில் நின்றது.

என்னைப் பார்த்தார்.

வியாசர்பாடிப் பக்கம் ஒரு கூட்ஸ்
முடியாமல் போய்க்கொண்டிருந்தது.

பேனா கேட்டார்.
நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.
கித்தார் பையின் ஜிப் பாதியில் சிக்கியது,
நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.